எக்ஸெல்லில் ஓர் எண்ணின் தசமப் பகுதியை மட்டும் தனியாக எடுக்க என்ன ஃபார்முலா போட வேண்டும்?

எண் ஏ2 கட்டத்தில் இருந்தால் =மாட்(ஏ2,1) போடுங்கள். மாட் என்பதை எம், ஓ, டி என்று அடிக்க வேண்டும். ஒன்றால் வகுத்து மீதியைக் கேட்கிறோம், அவ்வளவுதான். கூகுள் ஷீட்ஸிலும் இதேதான்.

ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். நிட்டிங்கிலிருந்து வரும் துணியை எடை போட்டு, கிலோ ஒரு கட்டம், கிராம் ஒரு கட்டம் என்று சலானில் பிரித்துக் காட்டுவோம். தசமத்தை 1000ஆல் பெருக்கி இன்ட் (ஐ, என், டி; கீழே இருக்கிற முழு எண்ணுக்கு இறக்கிவிடும்) போட்டு வைத்திருந்தேன். ஒரு நாள் 73.3 கிலோவுக்கு 300 கிராம் வர வேண்டிய இடத்தில் 299 நின்றது. தராசில் தப்பில்லை. மாட் தந்த விடையில் கூடுதல் தசம இடங்களைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன்: 0.299999999999997!

கம்ப்யூட்டர் எண்களை இரண்டின் அடுக்குகளாகத்தான் வைத்துக்கொள்கிறது. அரை, கால் எல்லாம் அதில் சரியாக அடங்கும். 73.3 அடங்காது, ஒரு துளி குறையும். அந்தத் துளிக்காக இன்ட் ஒரு கிராமையே வெட்டிவிடுகிறது. அதனால் முதலில் =ரவுண்ட்(மாட்(ஏ2,1),3) என்று எடுங்கள். பெருக்கிய பிறகும் இன்ட் வேண்டாம், ரவுண்டே போடுங்கள். எங்கள் தராசு மூன்று இடம் காட்டும், அதனால் 3.

அப்புறம் மைனஸ் எண்கள். சாயப்பட்டறைக்குப் போய்த் திரும்பும் துணியில் எடை குறையும். வித்தியாசம் -3.25 என்று இருந்தால் மாட் 0.75 என்று சொல்லும், ஏனென்றால் அது கீழே இருக்கிற -4லிருந்து அளக்கிறது. ஏ2-இன்ட்(ஏ2) போட்டாலும் அதே கதைதான். நமக்கு வேண்டியதோ கால் கிலோ. அங்கே =ஏ2-ட்ரங்க்(ஏ2) போட்டால் -0.25 வரும். ட்ரங்க் என்பதை டி, ஆர், யு, என், சி என்று அடிக்க வேண்டும், அது தசமத்தை மட்டும் வெட்டும். குறி வேண்டாம் என்றால் ஏபிஎஸ் சேர்த்துக்கொள்ளுங்கள். மைனஸ் வர வாய்ப்புள்ள நெடுவரிசையில் நான் மாட் பக்கமே போவதில்லை.

மாட் எனக்கு அதிகம் உதவுவது கைரேகை மெஷின் கணக்கில்தான். தேதியும் நேரமும் ஒரே கட்டத்தில் வரும். எக்ஸெல்லுக்கு ஒரு நாள் என்பது 1, மாலை ஆறு மணி என்பது 0.75. மாட் போட்டுக் கட்டத்தின் ஃபார்மேட்டை நேரமாக மாற்றினால் தேதி போய் நேரம் மட்டும் நிற்கும். ஒன்றரை ஷிப்ட் பார்த்தவர்கள் யார் யார் என்று இப்படித்தான் பிரிக்கிறேன். ஆனால் இங்கே ரவுண்டில் 3 போட்டுவிடாதீர்கள். 0.001 நாள் என்றால் 86 விநாடிக்கு மேல்.