தலைக்குச் சமமா, மாவுக்கு இவ்வளவா?

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர். மாமனார் விட்டுப்போன ஒரு வேலி (20 மா; ஒரு மா சுமார் ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) நிலத்தை நான்கு மகன்களும் ஆளுக்கு 5 மாவாகப் பிரித்துக்கொண்டு, 2009-ல் சமமாகப் பணம் போட்டு ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு) இறக்கினார்கள். என் கணவர் வைத்தியச் செலவுக்காக 3 மாவை மூத்தாருக்கே (அவர் அண்ணனுக்கே) கிரயம் செய்தார். என் கணவர் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. இப்போது எனக்கு 2 மா, மூத்தாருக்கு 9, மற்ற இருவருக்கு 6, 3. நான் சம்பா மட்டும் போடுகிறேன். அவர்கள் குறுவையும் போடுவார்கள். இந்தக் குறுவையில் மோட்டார் காயில் எரிந்து 35,000 ரூபாய் செலவு. "தலைக்கு 8,750, அதுதானே முறை" என்கிறார் மூத்தார். இது நியாயமா?

பதில்: அம்மா, உங்கள் மூத்தார் சொல்வது 2009-ல் சரி. அன்று எல்லாருக்கும் ஐந்தைந்து மா. எப்படிப் பிரித்தாலும் ஒரே தொகைதான் வந்திருக்கும். அப்புறம் நிலம் கைமாறியது, கணக்கு மட்டும் அங்கேயே நின்றுவிட்டது.

நம் பக்கத்து ஊர்களுக்கு இரண்டு கணக்கும் பழக்கம்தான். திருவிழா என்றால் தலைக்கட்டு வரி. அரை மாக்காரரும் அரை வேலிக்காரரும் ஒரே தொகை. வாய்க்கால் வேலை என்றால் மாவுக்கு இவ்வளவு. போர் செலவில் இந்த இரண்டும் கலந்து கிடக்கிறது, வம்பே அதுதான்.

ஆகவே பில்லைப் பிரியுங்கள். நீங்கள் அனுப்பிய விவரப்படி கேபிளுக்கும் ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் 16,000. இவை மோட்டார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வெயிலிலும் மழையிலும் வீணாகிறவை. இது நால்வருக்கும் சமம், ஆளுக்கு 4,000.

காயில் கட்டியது, புஷ் பேரிங், மோட்டாரை ஏற்றி இறக்கிய கூலி எல்லாம் சேர்த்து 19,000. இது ஓடி ஓடித் தேய்ந்த செலவு. இங்கே வெறும் மாவை எண்ணினால் போதாது, போகத்தையும் எண்ண வேண்டும். மூத்தாருக்கு இரண்டு போகம், 18. மற்றவர்களுக்கு 12, 6. உங்களுக்கு ஒரே போகம், 2. ஆக மொத்தம் 38. ஒன்றுக்கு 500 ரூபாய். உங்கள் பங்கு 1,000 மட்டும். இரண்டையும் கூட்டினால் நீங்கள் 5,000, மூத்தார் 13,000, மற்றவர்கள் 10,000, 7,000.

இன்னும் கறாராகப் பார்த்தால் குறுவை மாவுக்குக் கூடுதலாகவே போடலாம். மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12-ல் திறக்காமல் 2024 போல ஜூலை 28-க்குத் தள்ளிப்போனால், முதல் தண்ணீர் முழுக்கப் போரில் இருந்துதான். சம்பாவுக்கு ஆற்றுத் தண்ணீரும் ஐப்பசி, கார்த்திகை மழையும் கைகொடுத்துவிடும். ஆனால் பங்காளிகளுக்குள் அவ்வளவு நுணுக்கம் வேண்டாம் என்பது என் எண்ணம்.

அந்த 16,000-த்தையும் மாவுக்குப் பிரித்தால் எனக்கு 1,600தானே என்று உங்களுக்குத் தோன்றலாம். தயவுசெய்து கேட்காதீர்கள். அந்த 4,000 உங்கள் கால் பங்கு பாத்தியத்துக்கான பணம். இன்று குறைத்துக் கட்டினால், தண்ணீர் இல்லாத வருடத்தில் "உனக்குப் பத்தில் ஒரு பங்குதானே, தண்ணீர் முறையும் அதற்குத்தான்" என்பார்கள். முதலில் அந்த 3 மா கிரயப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். நிலத்தோடு போர் பாத்தியமும் சேர்த்து எழுதப்பட்டிருந்தால் கால் பங்கு என்பதே மாறிவிடும். அந்த 16,000-த்தையும் அதற்கேற்ப மாற்றித்தான் பிரிக்க வேண்டும். பத்திர எழுத்தர்கள் பழக்க தோஷத்தில் இதை ஒரு வரியில் போட்டுவிடுவது உண்டு. எதைக் கொடுத்தாலும் கையில் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள்.

மூத்தார் ஒத்துக்கொள்ளவில்லை என்றால்? இந்த ஒரு தடவை 8,750-ஐயே கொடுத்துவிடுங்கள். வித்தியாசம் 3,750. உங்கள் வயலுக்குத் தண்ணீர் அவர் வரப்பைத் தாண்டித்தான் வரவேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள், இந்தத் தொகைக்காக அவரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அடுத்த தடவைக்கான கணக்கை இப்போதே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மோட்டார் எரிந்த வாரத்தில் பேசினால் யார் காதிலும் ஏறாது. சம்பா அறுத்து நெல் போட்ட காசு கையில் இருக்கும்போது பேசுங்கள்.

அப்போதே ஒரு பொதுப் பணமும் தொடங்கலாம். பயிர் வைக்கிற மாவுக்கு, போகத்துக்கு 300 ரூபாய். உங்கள் நால்வரின் 38-க்கு வருடம் 11,400 சேரும். மூன்று வருடத்தில் இப்படி ஒரு பில்லுக்கு ஏறக்குறைய சரியாகிவிடும். இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்கிற கூட்டுக் கணக்காக வங்கியில் வையுங்கள். அதில் ஒருவர் நீங்களாக இருப்பது நல்லது.

விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் யார் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்று கரண்ட் பில் காட்டிக்கொடுக்காது. மோட்டார் கொட்டகையில் ஒரு நாற்பது பக்க நோட்டைத் தொங்கவிடுங்கள். தேதி, பெயர், போட்ட நேரம், நிறுத்திய நேரம். பேனாவை நூலில் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு வாரம்கூட இருக்காது.