தையல் சாமான் வைக்கக் காலி டப்பா போதுமா, பெட்டி வாங்கவேண்டுமா?

கேள்வி: தையல் பழகி ஒரு வருடம் ஆகிறது, இப்போது துண்டுத்துணிகளைச் சேர்த்துத் தைக்கும் குவில்டிங்கிலும் இறங்கிவிட்டேன். நூல், பாபின் (மெஷினின் அடிநூலைச் சுற்றும் சின்ன உருளை), ஊசி, பட்டன், துணி எல்லாம் நாலைந்து பைகளில் கலந்து கிடக்கின்றன. அறை அறையாகப் பிரித்த தையல் பெட்டிகளைப் பார்த்தால் ஆசையாக இருக்கிறது, விலையைப் பார்த்தால் வாங்க மனம் வரவில்லை. வீட்டில் சேரும் காலி டப்பாக்களே போதுமா?

பதில்: போதும். இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். பெட்டி வாங்குவது இந்த வேலையில் கடைசியாகச் செய்யவேண்டியது, நம்மில் பலர் அதைத்தான் முதலில் செய்கிறோம். நானும் செய்தேன். ஆசையாக வாங்கிய பெட்டியில் துணி வெட்டும் கத்தரிக்கோல் நுழையவில்லை, நூல்கண்டு வைக்கும் கம்பிகள் சின்னக் கண்டுகளுக்கான உயரத்தில் இருந்ததால் பெரிய கண்டுகளை வைத்தால் மூடி சாத்தவில்லை, கடைசியில் அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இன்னொரு பை வந்து உட்கார்ந்தது.

எல்லாவற்றையும் ஒரு விரிப்பில் கொட்டி இனம் பிரியுங்கள். அப்புறம் கையில் இருக்கும் டப்பாக்களில் போட்டு இரண்டு மாதம் தைத்துப் பாருங்கள். எது அடிக்கடி தேவைப்படுகிறது, எந்த டப்பா சீக்கிரம் நிரம்புகிறது என்பதெல்லாம் அதற்குள் தெரிந்துவிடும்.

மருந்துக்கடைகளில் விற்கும், ஏழு நாளுக்கு ஏழு அறை கொண்ட மாத்திரைப் பெட்டி ஒன்று உபயோகம் இல்லாமல் கிடந்தால் விடாதீர்கள். பிரஸ்ஸர் ஃபுட் (தைக்கும்போது துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதம்), பிரஸ் பட்டன், ஹூக் எல்லாவற்றுக்கும் அருமையாகப் பொருந்தும், அறை கொஞ்சம் அகலமாக இருந்தால் பாபினும் போகும். ஐஸ் கட்டி வார்க்கும் தட்டு ஒன்றை மேசை இழுப்பறைக்குள் வைத்தால் குழிக்கு ஒரு பாபின் நிற்கும். ஆனால் இரண்டு மெஷின் வைத்திருப்பவர்கள் பாபின்களைக் கலக்கவே கூடாது. ‘கிளாஸ் 15’ என்ற வகை பாபினும் ‘எல்’ வகை பாபினும் குறுக்களவில் ஏறக்குறைய 20 மி.மீ.தான், பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், உயரத்தில் முதலாவது 11.7 மி.மீ., அடுத்தது சுமார் 9 மி.மீ. மாற்றிப் போட்டால் நூல் சிக்கும், தையல் தளரும், மெஷின் கெட்டுவிட்டது என்று பழுது பார்க்கக் கொண்டுபோவீர்கள். டப்பா மூடியில் மெஷின் பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள்.

மெஷின் ஊசிகளை அவை வந்த சின்ன உறையிலேயே வையுங்கள், வேறு டப்பாவில் கொட்டாதீர்கள். ஊசியின் பருமனைச் சொல்லும் எண், அதாவது 80/12 எது, 90/14 எது என்பது, உறையில் பளிச்சென்று இருக்கும், ஊசியின் தண்டிலோ லென்ஸ் வைத்துத் தேடவேண்டும். உறைகளை நிறுத்தி அடுக்க, பழைய விசிட்டிங் கார்டு டப்பா சரியாக இருக்கும்.

கேள்வி: பிஸ்கட் டின்னில் குண்டூசியும் ஊசியும் போட்டு வைத்தேன், துருப் பிடித்துவிட்டது. பழைய உணவு டப்பாக்களில் வாசனையும் போகவில்லை. இவை தையலுக்கு ஆகாதா?

பதில்: ஆகும், கழுவிய விதத்தில்தான் தப்பு நடந்திருக்கும். டின்னின் விளிம்பு உள்பக்கமாக மடிந்திருக்கும், அந்த மடிப்பில் தண்ணீர் தங்கும். துடைத்துவிட்டோம் என்று நினைத்து மூடினால் உள்ளே ஈரம் சுற்றிக்கொண்டே இருக்கும். டின்னைக் கழுவாமல் ஈரத்துணியால் துடைத்து, மூடியைக் கழற்றி இரண்டு நாள் காற்றாட விடுங்கள். பெயின்ட் உரிந்து தகரம் தெரியும் டின்னில் ஊசியும் வேண்டாம், வெள்ளைத் துணியும் வேண்டாம். துருக்கறை துணியில் பட்டால் சாதாரணச் சோப்புக்குப் போகாது.

பிளாஸ்டிக் டப்பா வாசனைக்கு, பேக்கிங் சோடா கரைத்த வெந்நீரை ஒரு ராத்திரி ஊற்றி வைத்து, பிறகு திறந்தபடி வெயிலில் காயவிடுங்கள். அதற்கும் போகவில்லையென்றால் அதில் பட்டன் போடலாம், துணி போடக்கூடாது. வாசனை துணிக்கு ஏறுவது ஒரு பக்கம், உணவின் மிச்சம் இருக்கும் இடத்துக்குப் பூச்சி வரும் என்பதுதான் பெரிய கவலை. கஞ்சி போட்ட பருத்தித் துணியை வெள்ளிப்பூச்சி விரும்பித் தின்னும்.

லேபிள் ஒட்டிய பசை போகாமல் இருந்தால் சமையல் எண்ணெயும் பேக்கிங் சோடாவும் குழைத்துத் தடவி அரைமணி நேரம் கழித்துத் தேய்த்துப் பாருங்கள். காகிதக்கூழில் செய்த முட்டை அட்டையை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அதைக் கழுவ வழியில்லை, முட்டை ஓட்டில் இருக்கும் கிருமி அதிலும் இருக்கலாம்.

கேள்வி: துணிகளைக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டியில் வைப்பது நல்லதா, அட்டைப்பெட்டியில் வைப்பது நல்லதா?

பதில்: இதில்தான் கவனம் நிறைய வேண்டும், டப்பா தவறானால் பட்டனுக்கு ஒன்றும் ஆகாது, துணி வீணாகிவிடும்.

செருப்பு வந்த அட்டைப்பெட்டி துணி அடுக்க வசதியானது. குவில்டிங்குக்கு வெட்டிய 5 அங்குலச் சதுரத் துணிகள் அதில் நிறுத்தி வைக்கும்படி அமைந்துவிடும், 10 அங்குலச் சதுரங்களை ஒரு மடிப்பு மடித்தால் போதும். ஆனால் சாதாரண அட்டையில் அமிலம் உண்டு. மாதக்கணக்கில் தொட்டுக்கொண்டே இருந்தால் வெள்ளை, வெளிர் நிறத் துணிகளில் மஞ்சள் கோடு விழும். துவைத்த பழைய பருத்தித் தலையணை உறை ஒன்றைப் பெட்டிக்குள் விரித்து அதன்மேல் அடுக்குங்கள். இன்றோ அடுத்த மாதமோ தைக்கப்போகும் துணிக்கு இந்தக் கவலையே இல்லை.

பிளாஸ்டிக் என்றால் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 1, 2, 5 நல்லவை. 3 என்றால் பிவிசி, நாளாக நாளாக அதிலிருந்து கசிவது துணியைக் கெடுக்கும். போர்வை, திரைச்சீலை வரும் ஜிப் வைத்த, கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக் உறைகளில் பல இந்த வகைதான், அதனால் அவற்றில் எலாஸ்டிக், துணி இரண்டையுமே நெடுநாள் வைக்காதீர்கள்.

மூடி இறுக்கமான பெட்டி தூசியையும் பூச்சியையும் தடுக்கும், உள்ளே போகும் ஈரத்தையும் வெளியே விடாது. நீராவி இஸ்திரி போட்ட சூட்டோடு மடித்து மூடிவிடுகிறோம் பாருங்கள், பூஞ்சை பெரும்பாலும் அங்கே ஆரம்பிக்கிறது. ஒரு மணி நேரமாவது ஆறவிட்டு வையுங்கள். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலங்களை நம்பவேண்டாம், நம் கைக்கு வருவதற்குள் அவை பெரும்பாலும் ஈரத்தைக் குடித்து முடித்திருக்கும். பாச்சை உருண்டையைப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போடாதீர்கள், சில வகைப் பிளாஸ்டிக்கும் பட்டனும் இளகி ஒட்டிக்கொள்ளும். தைத்து முடித்த குவில்ட் பருத்தி உறைக்குள் மூச்சுவிட்டுக்கொண்டு இருக்கட்டும், சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள்.

கேள்வி: கண்ணாடி ஜாடிகளில் நூல்கண்டு அடுக்கி ஜன்னலோரம் வைத்திருக்கிறேன், கெட்டுப்போகுமா?

பதில்: ஜாடி நல்லது, ஜன்னல் கெட்டது. வெயில் பட்டால் நிறம் மங்கும், நூலும் வலுவிழக்கும். அலமாரிக்குள் தள்ளுங்கள். நூல் நுனி அவிழாமல் இருக்க ரப்பர் பேண்ட் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், வெயில் இல்லாவிட்டாலும் அது இளகி நூலில் ஒட்டும்.

கேள்வி: வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள். எதைக் கவனிக்கவேண்டும்?

பதில்: சாப்பாட்டு டப்பா என்று குழந்தைக்குத் தெரிந்த எதிலும் பட்டன், ஊசி போடாதீர்கள். மிட்டாய் டப்பாவில் பட்டன் இருந்தால் குழந்தைக்கு அது மிட்டாய்தான். இதைவிட ஆபத்தானது மெஷின் எண்ணெயைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது. நிறமே இல்லாமல் தண்ணீர் மாதிரியே இருக்கும், பெரியவர்களே எடுத்துக் குடித்துவிடலாம், அது வந்த பாட்டிலை விட்டு மாற்றவே மாற்றாதீர்கள்.

உடைந்த ஊசி, மழுங்கிய ரோட்டரி பிளேடு (துணியை உருட்டி வெட்டும் வட்டக் கத்தி) இவற்றுக்கு, குழந்தைகள் எளிதில் திறக்க முடியாத மூடி போட்ட காலி மாத்திரை பாட்டில்தான் நல்லது. 45 மி.மீ. பிளேடு அதன் வாயில் நுழையாவிட்டால் தட்டையான டின் ஒன்றில் போட்டு டேப் சுற்றி உயரத்தில் வையுங்கள். நிரம்பியதும் அப்படியே ஒட்டி, கூர்மையான பொருள் என்று எழுதி அப்புறப்படுத்துங்கள். குப்பை எடுப்பவர் கையில் குத்தக்கூடாது.

கேள்வி: இதெல்லாம் செய்தபிறகும் ஒரு பெட்டி வாங்கவேண்டும் என்றால் என்ன பார்த்து வாங்குவது?

பதில்: தையல் பெட்டி என்று பெயர் போட்டதை மட்டும் தேடாதீர்கள். திருகாணி வைப்பதற்கும் தூண்டில் சாமான் வைப்பதற்கும் விற்கும் அறைப்பெட்டிகள் பெரும்பாலும் அதே அமைப்புதான், இரண்டு விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அறைத்தடுப்புகள் கழற்றி மாட்டும்படி இருக்கவேண்டும். உங்கள் நீளமான கத்தரிக்கோலை அளந்துகொண்டு போங்கள். கடையில் ஒரு சின்ன பட்டனை ஓர் அறையில் போட்டு, மூடி, பெட்டியைச் செங்குத்தாக நிறுத்தி நன்றாகக் குலுக்குங்கள். பட்டன் பக்கத்து அறைக்குப் போய்விட்டால் அந்தப் பெட்டி வேண்டாம்.