அது அழுகையில்லை, அகவல்

தாராபுரம் பக்கம் தோட்டத்து வீட்டுக்குக் குடிவந்த பிறகு, விடியற்காலையில் மயில் சத்தம் கேட்டாலே உங்கள் ஐந்து வயது மகள், "யாரோ இறகைப் பிடுங்குகிறார்கள், அதனால்தான் அழுகிறது" என்று நடுங்குவதாக எழுதியிருந்தீர்கள். பாவம், எவ்வளவு இளகிய மனம்!

ஆண்மயில் பெண்மயிலைக் கூப்பிடுகிறது என்று சொல்லுங்கள். நாய் வந்தாலும் அப்படித்தான் கத்தி எச்சரிக்கும். தோகையை யாரும் பிடுங்க வேண்டியதில்லை. ஆண்டுதோறும் இணைசேரும் காலம் முடிந்ததும் பால்பல்போலத் தானே உதிர்ந்து, மறுபடி முளைக்கும்.

வேலியோரம் கிடக்கும் இறகு ஒன்றை அவள் கையிலேயே கொடுங்கள். வெயிலில் சாய்த்தால் அந்தக் கண் நீலமும் பச்சையுமாக மின்னும். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் வெறும் பழுப்பு! நீலச் சாயமே அதில் கிடையாது. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் தெரியும் நிறம் அது.

பயந்துகொண்டிருந்த என் பேத்தி இப்போது திண்ணையில் நின்று பதிலுக்கு அகவுகிறாள்.