பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும்போது வீட்டில் நோயும் சாவும் வந்தால், அவர்களிடம் எப்போது சொல்வது? அந்த நேரத்தில் கடவுள் நம்பிக்கை கைகொடுக்குமா?

அன்றைக்கே சொல்லிவிடுங்கள். முதல் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான். இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

போன வருடம் என் மாமியார் இறந்தார். சில மாதம் கழித்து எங்கள் நாய் மணியும் போய்விட்டது. மகன் டொராண்டோவில் இருக்கிறான், மகள் மெல்போர்னில். இரண்டு ஊர்களிலும் வருடத்துக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றுவார்கள். ஒரு ஊரில் முன்னே தள்ளும் பருவத்தில் மற்ற ஊரில் பின்னே தள்ளுவார்கள். அதனால் இருவருக்கும் நடுவில் சில மாதம் 14 மணி நேர வித்தியாசம், சில மாதம் 16. அவன் காலை ஆறு மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தால், அவள் இரவு எட்டு மணிக்கு அலுப்போடு உட்கார்ந்திருப்பாள். இப்படிப்பட்ட குடும்பத்தில் "நேரம் பார்த்துச் சொல்லிக்கலாம்" என்று நினைத்தால் அந்த நேரம் வரவே வராது.

அத்தைக்கு இதயம் பலவீனமாகிவிட்டது, இனி மாதக் கணக்குதான் என்று டாக்டர் சொன்ன அன்று மாலையே இருவரிடமும் சொன்னேன். "பிள்ளைங்களை ஏன் இப்பவே பதற வைக்கிறே?" என்று சொந்தக்காரர்கள் கோபப்பட்டார்கள். பாசத்தில் சொன்னதுதான், ஆனால் விடுப்புக் கணக்கு அவர்களுக்குத் தெரியாது. டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் சட்டப்படி துக்க விடுப்பு வருடத்துக்கு 2 நாள், அதுவும் சம்பளமில்லாமல். ஆஸ்திரேலியாவில் நிரந்தர வேலையில் இருப்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் சம்பளத்தோடு 2 நாள். இரண்டிலும் பாட்டி, தாத்தா கணக்கில் உண்டு. ஆனால் இரண்டு நாளில் விமானம் மாறி வந்து சேர்வதே பெரும்பாடு, திரும்பிப் போவது எங்கே?

அதனால் மகன் தன் ஆண்டு விடுப்பை எடுத்துக்கொண்டு, பாட்டி பேசிக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டான். மத்தியானத்தில் கட்டிலோரம் உட்கார்ந்து பாட்டியின் கால் நகங்களை வெட்டிவிடுவான். வயதானவர்களின் நகம் கெட்டியாக இருக்கும், சுடுதண்ணீரில் ஊறவைத்தால்தான் நகவெட்டி இறங்கும். "என்னடா தாடி இது, சாமியாராப் போகப்போறியா?" என்று அவர் கேட்பார், அவன் சிரிப்பான். முக்கியமான பேச்செல்லாம் அந்த நகவெட்டி நேரத்தில்தான் நடந்தது. அடக்கத்துக்கு அவன் வரவில்லை. அதைச் சிலர் குறையாகச் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். சாவுக்கு வருவதா, உயிரோடு இருக்கும்போது வருவதா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியுமென்றால், இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

மகளால் வர முடியவில்லை. அவள் கையில் இருந்தது பிரிட்ஜிங் விசா ஏ, அதாவது அடுத்த விசாவுக்கு முடிவு வரும்வரை அங்கே தங்கியிருக்கக் கொடுக்கும் தற்காலிக விசா. அதை வைத்துக்கொண்டு ஆஸ்திரேலியாவை விட்டு வெளியேறினால் விசா அத்தோடு முடிந்துவிடும், அதைக் காட்டித் திரும்ப உள்ளே போக முடியாது. போய்வர வேண்டுமானால் அங்கிருந்தபடியே விண்ணப்பித்து முன்கூட்டியே 'பி' வகையை வாங்க வேண்டும். விண்ணப்பித்தாள், ஆனால் அது கைக்கு வருவதற்குள் பாட்டி போய்விட்டார். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், பிள்ளைகள் எந்த விசாவில் இருக்கிறார்கள், அதில் ஊருக்கு வந்துபோக முடியுமா என்பதை நோய் வருவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மணி. நாய்தானே என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அது எங்களோடு இருந்தது. அதற்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறியிருப்பது தெரியும்போது சிறுநீரகத்தின் வேலைத்திறனில் ஏறக்குறைய முக்கால் பங்கு போயிருக்கும் என்று கால்நடை மருத்துவர் விளக்கினார். "முன்னாடியே பாக்கலையாம்மா?" என்று மகள் அழுதபோது இதைத்தான் எடுத்துச் சொன்னேன்.

ஊசி போட்டு அனுப்பிவிடுவதா, வேண்டாமா என்ற முடிவைத் தூரத்தில் இருப்பவர்களோடு சேர்ந்து எடுப்பது கொடுமை. எங்களுக்கு உதவியது ஆலிஸ் வில்லலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் வகுத்த மதிப்பெண் முறை. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு விஷயங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் இன்னும் பார்த்துக்கொள்ளலாம். நாலு பேரும் தனித்தனியாகப் போட்டோம். பிள்ளைகள் போட்டது எப்போதும் அதிகமாகவே இருந்தது. காரணம் இருக்கிறது: போனில் அவர்கள் குரல் கேட்டால் மட்டும் மணி எழுந்து உட்காரும். அதனால் ராத்திரி வீடியோக்களையும் அனுப்ப ஆரம்பித்தேன். தட்டை முகரும், உதட்டை நக்கிக்கொள்ளும், பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதைப் பார்த்த பிறகு மதிப்பெண்கள் ஒத்துப்போயின.

இன்னொன்றும் முன்பே சொல்லி வையுங்கள். முதலில் மயக்க ஊசி போடுவார்கள், அப்புறம்தான் கடைசி ஊசி. உயிர் போன பிறகும் கண் மூடாது. சிலசமயம் மூச்சு இழுப்பதுபோல உடம்பு ஒருமுறை அசையும். தெரியாமல் வீடியோவில் பார்த்தால் காலத்துக்கும் மறக்காது. மகள் கேமரா வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனில் பேசிக்கொண்டே இருந்தாள், மணியின் காது அசைந்தது.

இப்போது நம்பிக்கை. நாங்கள் கிறிஸ்தவர்கள். ஜெபம் பண்ணினோம், அத்தை பிழைக்கவில்லை, மணியும் பிழைக்கவில்லை. "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்ல வந்தவர்களிடம் பைபிளில் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்களை ஞாபகப்படுத்த ஆசையாக இருந்தது. ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார்கள். அதுவரை அருமையான நண்பர்கள். வாயைத் திறந்ததும் வினை தொடங்கியது. கடைசி அதிகாரத்தில் கடவுளே அவர்கள்மேல் கோபப்படுகிறார். (எங்கள் வீட்டுக்கு வந்து பேசாமல் பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டுப் போன அம்மா ஒருவர் உண்டு. அவரை நான் மறக்க மாட்டேன்.)

சர்ச்சுக்குப் போவதை என் மகன் விட்டுப் பல வருடம் ஆகிறது. பாட்டிக்கான ஜெபத்தில் பைபிளின் சங்கீதப் பாடல்களில் ஒன்றை வாசிக்க முடியுமா என்று கேட்டதற்கு, 88-ஆம் சங்கீதத்தைத் தானே தேர்ந்தெடுத்தான். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எங்கேயாவது துதியில் போய் நிற்கும். 88 அப்படித் திரும்பாது, இருட்டிலேயே முடிந்துவிடும். "இது ஒண்ணுதாம்மா சமாதானம் சொல்லல" என்றான். எனக்கும் அந்த வருடம் நம்பிக்கை என்றால் அதுதான்: ஆறுதலை விடவும், முறையிடுவதற்கு ஒரு ஆள் இருக்கிறார் என்பது.

மணி பரலோகத்தில் இருக்குமா என்று மகள் கேட்டாள், இருபத்தெட்டு வயதில். பைபிளில் யோனா புத்தகத்தின் கடைசி வசனத்தை அனுப்பினேன். நினிவே நகரத்து மக்களுக்காக மட்டுமில்லாமல் அங்கிருந்த மிருகஜீவன்களுக்காகவும் பரிதபிக்க மாட்டேனா என்று கடவுள் கேட்பதோடு அந்தப் புத்தகம் முடிகிறது. பக்கத்து வீட்டு அக்கா கேட்டுவிட்டு, "எங்க தருமர் நாயை விட்டுட்டு சொர்க்கத்துக்கே வர மாட்டேன்னு நின்னார், தெரியுமா?" என்றார். அதையும் மகளுக்கு அனுப்பிவிட்டேன்.

மகன் இன்னும் சர்ச்சுக்குப் போவதில்லை, நானும் கேட்பதில்லை. வீட்டில் ஒரு பூனை பாக்கி இருக்கிறது, ஒன்பது வயது. போன வாரம் அதற்கு ரத்தப் பரிசோதனை எடுத்தோம். ரிப்போர்ட் வந்த அன்றைக்கே குடும்ப குரூப்பில் போட்டுவிட்டேன். "பாஸா?" என்று மகள் கேட்டாள். பாஸ்தான்.