பாதி லோடில் ஓடும் மோட்டார்: கேள்வி பதில்

அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து: சார், கன்வேயரில் 20 எச்.பி. மோட்டார். நேம்பிளேட்டில் 28 ஆம்ப்ஸ், டாங் டெஸ்டரில் (கம்பியைக் கவ்வி கரன்ட் அளக்கும் மீட்டர்) 12. அப்போ லோடு 43% தானே?

இல்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சும்மா ஓட்டினாலே அது 9, 10 ஆம்ப்ஸ் இழுக்கும். காந்தப்புலத்துக்குப் போகிற கரன்ட் அது. லோடு இறங்க இறங்க ஆம்ப்ஸை நம்பக்கூடாது, கிலோவாட்டைப் பாருங்கள். பவர் மீட்டர் இல்லையென்றால் சுற்று வேகம் அளக்கும் டேக்கோமீட்டர் போதும். அரை மணி நேரம் ஓடிச் சூடானபின் அளந்து பாருங்கள். நேம்பிளேட் வேகம் 1460, நீங்கள் அளந்தது 1488 என்றால், காந்தப்புலம் சுற்றும் வேகமான 1500-க்கு முழு லோடில் 40 குறைகிறது, இப்போது 12. லோடு 30%. இது தோராயம்தான்.

அவரே: 30% தான் வந்தது. சின்ன மோட்டார் மாற்றவா?

பொறுங்கள். 50% வரை எஃபிஷியன்சி பெரிதாக இறங்காது, 40-க்குக் கீழேதான் சரியும். முதலில் விழுவது பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் கரன்டில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் விகிதம். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள்தான் அதிகம்.

செலவில்லாத வழி, டெல்டா இணைப்பில் ஓடும் மோட்டாரை ஸ்டார் இணைப்பிலேயே ஓட்டுவது. வைண்டிங்குக்கு 415-க்குப் பதில் 240 வோல்ட், டார்க் மூன்றில் ஒரு பங்கு. பெல்ட் நிறைய சரக்கோடு ஸ்டார்ட் ஆகும் இடமென்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள். இன்னொன்று, ஓவர்லோடு ரிலே லைன் பக்கம் இருந்தால் 28-இல் செட் ஆகியிருக்கும். டெல்டா மோட்டாரின் வைண்டிங் தாங்குவது 16 ஆம்ப்ஸ்தான். ஸ்டாரில் லைன் கரன்ட் முழுக்க வைண்டிங் வழியாகவே போகும். ரிலேயை 16-க்கு இறக்காவிட்டால் அது ட்ரிப் ஆவதற்குள் காயில் கருகிவிடும். இவ்வளவு செய்தும் இந்த அளவு மோட்டாரில் ஓரிரு நூறு வாட்டுக்கு மேல் மிச்சம் எதிர்பார்க்காதீர்கள்.

கிண்டியிலிருந்து: கெபாசிட்டர் போட்டால் மோட்டார் யூனிட் குறையுமா?

மோட்டாருக்குள் ஒன்றும் மாறாது. கேபிளிலும் ட்ரான்ஸ்ஃபார்மரிலும் கரன்ட் குறையும், பவர் ஃபேக்டர் அபராதம் தப்பும். மேலே சொன்ன மோட்டார் சும்மா ஓடும்போது 7 கே.வி.ஏ.ஆர். (காந்தப்புலத்துக்கான பவரின் அளவு) எடுக்கும், அதன் டெர்மினலில் 6-க்கு மேல் கட்டாதீர்கள். மீறினால் ஆஃப் செய்தபின்னும் மோட்டாரே ஜெனரேட்டராகி வோல்டேஜ் எகிறும். வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் கெபாசிட்டர் கூடவே கூடாது.

வேளச்சேரி அபார்ட்மென்ட் சங்கம்: சம்ப்பிலிருந்து ஓவர்ஹெட் டேங்க் ஏற்றும் பம்புக்கு வி.எஃப்.டி. போட்டால் பாதி கரன்ட் மிச்சம் என்கிறார்கள்.

வேகம் 80% ஆனால் பவர் 51% என்ற கணக்கைச் சொல்லியிருப்பார்கள். அது ஃபேனுக்கும், குழாய் உராய்வு மட்டுமே உள்ள பம்புக்கும் சரி. உங்களுக்கு உயரம்தான் லோடு. டேங்க் 25 மீட்டரில், பம்பு அதிகபட்சம் 30 மீட்டர் தள்ளும் என்று வையுங்கள். 80% வேகத்தில் அது 19 மீட்டர்தான் தள்ளும். மோட்டார் ஓடும், டேங்கில் சொட்டுத் தண்ணீர் விழாது. அந்தப் பணத்தில் ஃபுட் வால்வையும் இம்பெல்லரையும் மாற்றுங்கள். காற்றைத் தடுக்கும் டேம்பரை மூடி மூடி ஓட்டுகிற ஏ.சி. பிளான்ட் ஃபேன் இருந்தால் அங்கே டிரைவ் போடலாம். 25 ஹெர்ட்ஸுக்கு, அதாவது பாதி வேகத்துக்குக் கீழே நெடுநேரம் ஓட்டினால் மோட்டாரின் சொந்த ஃபேன் காற்று போதாது.

திருமுடிவாக்கத்திலிருந்து: மூன்று முறை ரீவைண்டிங் செய்த 10 எச்.பி. மோட்டார், பாதி லோடுதான். சும்மா ஓடும்போதே சூடாகிறது.

பழைய காயிலை அடுப்பில் போட்டு எரித்து எடுத்ததில் உள்ளே அடுக்கிய ஸ்டாம்பிங் இரும்புத் தகடுகளின் இன்சுலேஷன் போயிருக்கும். லோடே இல்லாவிட்டாலும் அந்த நஷ்டம் ஓடிக்கொண்டேதான் இருக்கும், நான்காவது முறை கட்டினாலும் போகாது. எடைக்குப் போட்டுவிட்டு 7.5 எச்.பி. ஐ.இ.3 (உயர் எஃபிஷியன்சி வகை) மோட்டார் வாங்குங்கள். ஷாஃப்ட் விட்டமும் அடி போல்ட் இடைவெளியும் ஒத்துவருமா என்று வாங்குமுன் டேப் வைத்துப் பாருங்கள்.