நகராத கப்பல்

கேள்வி: ஆஸ்திரேலியப் பக்கம் கடலில் நிற்கும் 'பிரிலூட்'தான் உலகிலேயே பெரிய கப்பலாமே, என்ன வேகத்தில் போகும்? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: போகாது. அது கடலடியில் இருந்து வரும் எரிவாயுவைத் திரவமாக்கும் மிதக்கும் ஆலை. தன்னைத்தானே ஓட்டிக்கொண்டு போகும் இயந்திரமே அதில் கிடையாது. 2017-இல் தென்கொரியாவின் கோஜே தீவில் இருந்து இழுவைக் கப்பல்கள் ஒரு மாதம் போல இழுத்து வந்து, மேற்கு ஆஸ்திரேலியாவின் புரூம் ஊருக்கு வடக்கே 475 கிலோமீட்டரில் நிறுத்தின. 16 சங்கிலிகளால் கடலடியோடு கட்டியிருக்கிறது. புயல் வந்தாலும் அவிழ்த்துக்கொண்டு ஓடாது. கட்டிய இடத்திலேயே காற்றுக்கு ஏற்றபடி திரும்பிக்கொள்ளும், அவ்வளவுதான். அப்படி 25 வருஷம் நிற்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

உங்களைக் குறை சொல்லவில்லை. 488 மீட்டர் நீளம் என்று போட்டு, அது எத்தனை கால்பந்து மைதானம் என்று எண்ணிக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளும் செய்திகள்மேல்தான் எனக்குக் கோபம், பல வருஷக் கோபம். அதன் பெருமை நீளத்திலா இருக்கிறது? குளிரில் இருக்கிறது!

வீட்டு சிலிண்டரை லேசாக ஆட்டிப் பாருங்கள், உள்ளே தளும்பும். அது புரொப்பேனும் பியூட்டேனும். அழுத்தினால் போதும், திரவமாகிவிடும். கடலடியில் இருந்து வரும் இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன். சாதாரண வெப்பத்தில் அதை எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது, மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். அப்போது 600 பங்கு இடம் ஒரு பங்காகச் சுருங்கும். கரையில் பல ஏக்கரில் பரப்பி வைக்கும் இந்த ஆலையை அலைமேல் அடுக்கடுக்காக ஏற்றி, 150 மீட்டர் ஆழத்தில் இருந்து மணிக்கு 5 கோடி லிட்டர் குளிர்ந்த கடல்நீரை உறிஞ்சி, வருஷத்துக்கு 36 லட்சம் டன் திரவ எரிவாயு தயாரிக்கும்படி கட்டியிருக்கிறார்கள். இதை எழுதாமல் மைதானத்தை எண்ணிக்கொண்டிருந்தால் எப்படி?

ஆபத்தையும் எழுத வேண்டும். 2021 டிசம்பரில் அங்கே சின்னத் தீ, அதோடு மின்சாரம் போனது. நடுக்கடலில் மின்சாரம் போனால் பக்கத்துத் தெருவில் இருந்து இழுத்துக்கொள்ள முடியுமா? ஆலை மொத்தமும் நின்றது. பாதுகாப்பை நிரூபிக்காமல் ஓட்டக்கூடாது என்று அந்நாட்டுக் கட்டுப்பாட்டு அமைப்பு கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. மறுபடி சரக்கு கிளம்பியது 2022 ஏப்ரலில்தான். அந்தக் கண்டிப்பு சரி என்பேன். அங்கே வேலை செய்பவர்களுக்கு இறங்கி ஓடத் தரை கிடையாது.

அப்புறம், அதன் பக்கத்தில் வந்து ஒட்டி நின்று திரவ எரிவாயுவை ஏற்றிக்கொண்டு போகிறதே, அது கப்பல். மணிக்குச் சுமார் 19 கடல் மைல் போகும்.