ஆயுள் கட்டணம் வாங்கிய ஆப்பைச் சந்தாவுக்கு மாற்றலாமா?

தம்பி, சென்னை எம்.சி. ரோடு துணிக்கடைகளுக்கு ‘ஆயுளுக்கும் ஒரே கட்டணம்’ என்று சொல்லி பில் போடும் ஆப் விற்றேன், இப்போது கட்டுப்படியாகவில்லை, எல்லாரையும் ஆண்டுச் சந்தாவுக்கு மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாக வருபவர்களிடம் தாராளமாக வாங்குங்கள். பழையவர்களுக்குச் சொன்ன சொல் சொன்னதுதான்.

உங்கள் கஷ்டம் புரிகிறது. 2025 செப்டம்பர் 22 அன்று ஆயத்த ஆடைக்கான 5 சதவீத ஜிஎஸ்டி வரம்பு 1,000 ரூபாயிலிருந்து 2,500 ஆனபோது, ஆப்பில் வரியை மாற்றித் தரச் சொல்லி அத்தனை கடையும் ஒரே நேரத்தில் உங்களைத்தான் கூப்பிட்டிருக்கும். அந்த உழைப்புக்குக் கூலி வேண்டும்.

ஆனால் எனக்கு நடந்ததையும் கேளுங்கள். தண்டையார்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். வேறொருவரிடம் வாங்கிய ஆப், ஒருநாள் காலையில் சந்தா கட்டினால்தான் திறப்பேன் என்று நின்றுவிட்டது. மூன்று வருஷக் கடன் கணக்கு உள்ளே. யார் எவ்வளவு தரவேண்டும் என்று ஒரு வாரம் பழைய நோட்டுகளைப் புரட்டினேன். காசு போனதைவிட அந்தப் பூட்டுதான் வலித்தது.

மென்பொருள் எழுதுபவர்களுக்கான கருவிகளை விற்கும் ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் 2015இல் சந்தாவுக்கு மாறியபோது பெரிய எதிர்ப்பு வந்தது. அப்புறம், ஒரு வருஷம் கட்டியவர் நிறுத்தினாலும் ஒரு பதிப்பை வைத்துக்கொள்ளலாம் என்று இறங்கி வந்தார்கள். அதையே செய்யுங்கள். இப்போதுள்ள வசதிகள் பழையவர்களுக்குத் திறந்தே இருக்கட்டும், வரி விகிதத்தை அவர்களே மாற்ற வழி வையுங்கள், கணக்கை எக்செல்லில் எடுக்கக் காசு கேட்காதீர்கள். வாட்ஸ்அப் பில், கிளவுட் பேக்கப் (இணையத்தில் கணக்கின் நகலை வைப்பது) மாதிரி புதியவற்றுக்குச் சந்தா வையுங்கள். நேரில் போய்ச் சொல்லுங்கள், தீபாவளி நெருக்கத்தில் மட்டும் வேண்டாம்.